இரண்டாவது கிளப்

எங்கள் தாத்தா காலத்தில் கிளப் என்றால் காபி கிளப்தான். இட்லி எங்கே நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் கால் போகும். ஒன்று மூடியிருந்தால் இன்னொன்று. புட்பால் கிளப் விஷயத்திலும் இந்த நியாயம் செல்லுமா என்று ஆராய்ந்து, தாம்பரத்தில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எழுதிய கையோடு படப்பைக்கு பஸ் ஏறி வந்து, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். அபிப்பிராயம் கேட்டார். அன்று காபி கொடுத்துச் சமாளித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அவர் வாதம் இது. ஒருவனுக்குச் சொந்த கிளப் ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் அது தோற்றுக்கொண்டே இருக்கிற வருஷங்களில் மனசு ஒதுங்கி நிற்க ஒரு தாழ்வாரம் வேண்டும். ஆகவே இரண்டாவதாக ஒன்றை வைத்துக்கொள்வதில் பாவமில்லை. ஆனால் அது வேறு தேசத்திலோ வேறு லீகிலோ ஆடுவதாக இருக்க வேண்டும். முதல் கிளப்போடு மோதும் சந்தர்ப்பமே வரக்கூடாது. கோப்பைகளை வாரிக் குவிக்கிற கிளப்பாக இருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதால் நடுத்தரமாக இருப்பது உத்தமம்.

கட்டுரை வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ரசிகனுக்குச் சொல்லும் யோசனையா, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு சொல்லும் யோசனையா என்ற சந்தேகம் எனக்குக் கடைசி வரை தீரவில்லை.

என் சொந்த கிளப் சென்னையின் எப்.சி. 2014ல் ஆரம்பித்தது. 'சென்னையின்' என்று பாதியில் நின்றுவிட்ட பெயர். சென்னையின் எது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். முதல் வருஷம் எனக்கு அதில் அக்கறை இல்லை. சினிமா நடிகர்களும் கிரிக்கெட்காரர்களும் கிளப் வாங்குகிற கூத்து என்றுதான் நினைத்தேன். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு விட்டார்கள். படப்பையில் இருந்த நாங்கள் தாம்பரம் போக வழியில்லாமல், கரண்டும் இல்லாமல் கிடந்தோம். அந்த வாரங்களில்தான் அரையிறுதி. சென்னையில் நடக்க வேண்டிய ஆட்டத்தை இங்கே நடத்த முடியாமல் டிசம்பர் 12ஆம் தேதி புனாவில் நடத்தினார்கள். வீடு மூழ்கிப்போய் ஊரார் வீட்டில் கல்யாணம் நடத்துகிற மாதிரி, நம் கோஷ்டி புனாவில் ஆடிக் கல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தது. 20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். 90வது நிமிஷத்தை நெருங்கும்போது 1-2 என்று பின்னால் இருந்தவர்கள் இரண்டே நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கி 3-2 என்று முடித்தார்கள். கடைசி கோல் மெண்டோஸாவினுடையது. சேறு மண்டிய தெருவில், சார்ஜ் தீரப்போகிற ஒரு போனைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று அதைப் பார்த்தோம். அதற்கப்புறம் எந்த கிளப் என்று யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

இரண்டாவது கிளப்பைச் சிநேகிதர் சொல்கிற முறைப்படி நானும் ஒருதரம் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை சிட்டி எப்.சி. என்று ஒன்று இருந்தது. ஐ-லீகில் ஆடியது, ஆகவே வேறு லீக். ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் சென்னையினோடு மோதாது. பெயரில் சென்னை, ஆடியதோ ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கோயம்புத்தூரில். பெத்ரோ மான்ஸி கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்தார். 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று பட்டத்தை எடுத்தார்கள். சந்தோஷப்பட்டேன். பத்திரிகையில் படித்துவிட்டு மறுபக்கம் புரட்டுகிற சந்தோஷம் அது. இரண்டு மூன்று வருஷத்தில் அந்த கிளப் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் கூட எனக்குச் சோறு இறங்காமல் இருந்ததில்லை. எல்லா விதிக்கும் பொருந்தியிருந்தது. அதனால்தானோ என்னவோ, மனசில் ஒட்டவேயில்லை.

ஆகவே அடுத்ததை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வியாசர்பாடிப் பையன் ஒருவர் மூலமாக அது வந்து சேர்ந்தது.

நந்தகுமார் சேகர் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர். வடசென்னையின் அந்தப் பேட்டை எத்தனையோ ஆட்டக்காரர்களை உண்டாக்கியிருக்கிறது. 2023ல் அவர் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அந்த வருஷம் ஆகஸ்ட் 12ஆம் தேதி, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டம். 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் அந்தப் பரம வைரியை ஒருதரம் கூட ஜெயிக்கவில்லை. நாலரை வருஷத்துத் தாகம். அன்று விழுந்தது ஒரே ஒரு கோல், போட்டவர் நந்தகுமார். பெரம்பூர் பக்கத்துப் பையனுக்காக ஸால்ட் லேக் ஸ்டேடியத்தில் அத்தனை ஜனங்கள் அழுததைப் பார்த்தபோது, நான் எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டது.

தெற்கத்தியார் அங்கே போய்க் கொடி நாட்டுவது புதிதல்ல. 1949 முதல் சில வருஷங்கள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரைக் கல்கத்தாவில் பஞ்ச பாண்டவர் என்றார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கிலிருந்து போனவர்கள். 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஐ.எப்.ஏ. ஷீல்டு அவர்கள் கையில்.

இங்கேதான் சிநேகிதரின் விதி உடைகிறது. ஈஸ்ட் பெங்கால் 2020 முதல் ஐ.எஸ்.எல்.லில் ஆடுகிறது. சென்னையினோடு மோதியே ஆக வேண்டும். "அப்படியானால் உம்முடையது இரண்டாவது கிளப்பே இல்லை, குழப்பம்" என்றார் அவர். இருக்கட்டும். முதலாவதை எந்தக் காலத்திலும் எதிரே சந்திக்காத இரண்டாவது கிளப் சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரி. பார்க்க அழகு, தேதி போனால் கிழித்துவிடலாம்.

இவ்வளவு தெளிவாக நான் பேசுவதற்குக் காரணமும், பேசிய பிறகு தடுமாறுவதற்குக் காரணமும் ஒரே மனிதர்தான். என் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவர். மேற்கு வங்காளத்தில் நதியா ஜில்லா. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவர் தாத்தா, பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்தவர். அப்படி வந்தவர்கள் மோகன் பகான் ஊரில் இருந்துகொண்டு, விட்டுவந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கிளப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மாடிக்காரருக்கு ஈஸ்ட் பெங்கால் பிறவிச் சொத்து. "ரெண்டாவது?" என்று ஒருநாள் கேட்டேன். "சென்னையின், அண்ணா" என்றார் உடனே. எனக்கு ஏகப்பட்ட திருப்தி. கீழ்வீடும் மேல்வீடும் சரியாகத் தலைகீழ்!

2024 டிசம்பர் 7ஆம் தேதி இரண்டு கிளப்பும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மோதின. தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, இருவரும் நடந்து போனோம். சென்னையின் ரசிகர்கள் மத்தியில் உட்கார்ந்தோம். ஈஸ்ட் பெங்கால் 2-0 என்று ஜெயித்தது. முதல் கோல் விழுந்தபோது திரும்பிப் பார்த்தேன். மாடிக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. இரண்டாவதற்கும் அப்படியே. எனக்கு ஏனோ அவர்மேல்தான் கோபம் வந்தது. "கை தட்டுப்பா!" என்றேன். மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில், சைதாப்பேட்டை தாண்டியதும், "நம்ம டீம் தோத்துடுச்சு அண்ணா" என்றார்.

அவர் டீம் ஜெயித்திருக்கிறது. அவர் சொன்னது என் டீமை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை, இன்றுவரை புரியவில்லை. நான் வீட்டுக்காரன். மாதம் பிறந்தால் வாடகை வாங்குகிறவன். வெளியூர்க்காரன் என்று கடையிலும் பஸ்ஸிலும் அவர் காதில் விழுகிற வார்த்தைகள் எனக்குத் தெரியும். ஒருதரம் நானே ஒரு கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். நந்தகுமாருக்காக நான் வைத்துக்கொண்ட இரண்டாவது கிளப் எனக்கு ஒரு ருசி. வேண்டாமென்றால் நாளைக்கே விட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவர் வைத்துக்கொண்ட இரண்டாவது கிளப்பும் ருசிதானா? இல்லை, அட்வான்ஸ் பணத்தோடு சேர்த்துக் கொடுத்த இன்னொரு அட்வான்ஸா? சிநேகிதரின் கட்டுரையில் இதற்கு இடமே இல்லை. தேர்ந்தெடுக்கிறவன் எப்போதும் சாய்வு நாற்காலியில்தான் இருக்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கும் அந்த ரயில் பிரயாணம் வரையில் அப்படித்தான் எண்ணம்.

கட்டுரையைத் திருத்தி எழுதினால் விதிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைக்கும்படி அவரிடம் சொல்லப்போகிறேன்: அது யார் மூலமாக உம்மிடம் வந்தது, அந்த மனிதருக்கு அதில் என்ன இருக்கிறது? பதில் சொல்வது கஷ்டம் என்பார். கஷ்டம்தான்.

2025 பிப்ரவரியில் கல்கத்தாவில் மறு ஆட்டம். மாடி அறையில் அவர் போனில் பார்த்தோம். சென்னையின் 3-0. என் கை தானாக எழும்பவில்லை, மடியிலேயே கிடந்தது. இரண்டாவது கோலுக்கு அவர் என்னைப் பார்த்தார். மூன்றாவதற்கு, "தட்டுங்க அண்ணா, உங்க வீடுதானே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு காலை ஆறு மணி ஷிப்டு என்று பாயை விரித்துவிட்டார். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.