உமி விட்டுப்போன ஓட்டை

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரக் கடை ஒன்றில், கழுத்தில் சணல் கயிறு சுற்றிய மண் பூச்சாடியைப் பார்த்தேன். மண்ணும் நாரும் கலந்த கைவேலை என்றார் கடைக்காரர். விரலால் நெருடிப் பார்த்தேன். கயிற்றுக்கு அடியில் பசை. கலக்கவில்லை, ஒட்டியிருக்கிறார்கள்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் வில்லியனூர். புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வி.கே. முனுசாமியின் ஊர். குயவர்களைக் கேட்டால் கலப்பது என்பது வேறு சங்கதி. சோறாக்கும் பானைக்கு மண்ணோடு மணல் சேர்த்தால் போதும். ஆளுயர அய்யனார் குதிரைக்கு அது போதாது. கனத்த மண் காயும்போது மேல்புறம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும்; அந்த இழுபறியில் வெடித்துவிடும். அதனால்தான் தமிழ்நாட்டுக் குயவர்களான வேளார்கள் களிமண்ணில் உமியையும் போட்டு மிதிப்பது. உமி மண்ணைப் பிடித்து வைக்கிறது, ஈரம் வெளியேற வழியும் விடுகிறது. பிறகு சூளையில் எரிந்துபோகிறது. உடைந்த குதிரைக் காலை உற்றுப் பாருங்கள்: உமியின் வடிவிலேயே பொடிப்பொடி ஓட்டைகள் தெரியும்.

இலங்கையில் எரியாத உமி இருக்கிறது. சிகிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் காசியப்பன் காலத்து ஓவியங்களுக்கு அடியில் பூசிய களிமண் சாந்தில் உமியும் தென்னை நாரும் உண்டு. அது பாத்திரமல்ல, பாறைச் சுவர்தான். ஆனால் வெடிப்புக்குப் பயந்து நாரைச் சேர்க்கும் புத்தி ஒன்றே. நெருப்பு படாததால் நார் அங்கே இன்றும் மண்ணுக்குள் இருக்கிறது. நெருப்பு பட்டதால் இங்கே ஓட்டை மட்டும்.

மெல்லிய பாத்திரத்துக்கு உள்ளே நார் தேவைப்படவில்லை. 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரூலெட் வகைப் பானையோடுகள் அரைத்த மாவுபோல் நைசானவை. அனுராதபுரத்திலும் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் அதே ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

பானைக்கு நார் வெளியேதான் வேலை செய்தது. நாம் வைக்கோல் புரியைச் சுற்றிப் பிரிமணை என்போம்; யாழ்ப்பாணத்தார் திருகணை என்பார்கள். நாம் தென்னை நார் என்பதை அவர்கள் தும்பு என்பார்கள். உறி இருவருக்கும் உறிதான். உருண்டை அடிப் பானை தரையில் ஆடாமல் நிற்கப் பிரிமணை இல்லாமல் முடியாது. அந்த உருண்டை அடி குயவர் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி வருவது. தட்டையான அடி வந்தது, பிரிமணை போயிற்று.

இலங்கையில் மண்சட்டி ஒன்று இன்னும் தப்பியிருக்கிறது. மட்டக்களப்பிலும் தெற்கே திஸ்ஸமகாராமைப் பக்கத்திலும் எருமைத் தயிரை மண்சட்டியிலேயே உறைய வைத்து, சட்டியோடு விற்கிறார்கள். சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ள, தயிர் கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுகுகிறது. தயிர் தின்பவர் இருக்கும்வரை அங்கே குயவருக்கு வருஷமெல்லாம் வேலை. புதுச்சேரியில் தயிர் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போய்விட்டது. சாலையோரத்தில் பானை குவிவது பொங்கலுக்குத்தான். அன்றைக்கு மட்டும் அதன் கழுத்தில் பசையில்லாமல் மஞ்சள் கொத்து ஏறுகிறது.

பூச்சாடியை வைத்துவிட்டு, பிரிமணை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஓர் இரும்பு ஸ்டாண்டை எடுத்து வந்தார்.