கன்சோல் பதிவு எங்கே தங்க வேண்டும்?

டேட்டா சென்டரில் ஒரு ரவுட்டர் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போனால், அதை எட்டிப் பிடிக்க மிஞ்சுவது அதன் சீரியல் போர்ட். அப்படிப்பட்ட பல போர்ட்டுகளை ஒரே பெட்டியில் சேர்த்து, தொலைவிலிருந்து திறக்க வைப்பது கன்சோல் மேனேஜர். கருவிகள் கக்கும் வரிகளை அது பதிவும் செய்யும். அந்தப் பதிவை என்எஃப்எஸ் அல்லது சாம்பா வழியாக வேறொரு சர்வரின் ஃபோல்டரில் எழுத வைப்பது நெடுநாள் வழக்கம்.

வழக்கம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. பழைய பெட்டிகளில் மெமரி சொற்பம். மின்சாரம் போனால் பதிவும் போச்சு. கெர்னல் பேனிக்கில் விழும் சர்வர் தன் டிஸ்க்கில் எதையும் எழுத முடியாமல் போகலாம். கன்சோலில் அது உதிர்க்கும் கடைசி வரிகள்தான் துப்பு. அவை வெளியே இருப்பது நல்லது; அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இடப் பற்றாக்குறை என்ற வாதம் இன்று செல்லாது. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து. ஒரு போர்ட் நாள் முழுக்க ஓயாமல் பேசினாலும் சுமார் 83 எம்பிதான். நிஜத்தில் பெரும்பாலான கன்சோல்கள் மணிக்கணக்கில் வாயே திறப்பதில்லை.

பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. லினக்ஸில் என்எஃப்எஸ் மவுன்ட், மாற்றாவிட்டால், 'ஹார்ட்' வகை. எதிர்முனை சர்வர் செத்தால், அதில் எழுதக் காத்திருக்கும் புரோசஸ் அது திரும்பும்வரை உறைந்து நிற்கும். பதிவும் கன்சோல் அமர்வும் ஒரே புரோசஸில் இருந்தால் அமர்வும் சேர்ந்து தொங்கும். அதாவது, நெட்வொர்க் விழும்போது உதவவே வாங்கிய பெட்டி, நெட்வொர்க் விழுந்ததால் ஊமையாகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது, அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் சேர்ந்தே விழுந்தது. பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே காரணம் என்எஃப்எஸ் அல்ல. ஆனாலும் மாற்று வழியை முதல் வழியின்மேல் சாய்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

பாதுகாப்புக் கணக்கும் இடிக்கிறது. சாதாரண என்எஃப்எஸ், கேட்கும் இயந்திரம் சொல்லும் யூசர் எண்ணை நம்பிவிடும். தரவும் மறைகுறியின்றிப் போகும். கடவுச்சொல் திரையில் எதிரொலிக்காது, அதனால் பதிவிலும் ஏறாது என்பது உண்மை. அவசரத்தில் அதை லாகின் பெயர் கேட்கும் இடத்தில் தட்டிவிட்டால்? அப்படியே பதிவாகும். சாம்பாவின் கதையும் இதேதான்: பழைய ஃபர்ம்வேருக்காக, அது பேசும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பைத் திறந்து வைத்தால், 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் நுழைந்த அதே கதவைத் திறந்து வைக்கிறோம். தவிர, மவுன்ட் செய்த ஃபோல்டரில் எழுத முடிந்தவரால் அழிக்கவும் முடியும். பெட்டிக்குள் புகுந்தவர் தன் தடத்தைத் தானே துடைத்துவிடலாம்.

வரிகளை வந்தவுடன் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடும் சிஸ்லாக்கில் அந்த வசதி அவருக்கு இல்லை. போன வரி போனதுதான். டிஎல்எஸ் சுற்றிய சிஸ்லாக், பெட்டிக்குள் ஒரு பிரதி, நேரம் பிசகாத என்டிபி, மேலாண்மைக்குத் தனி நெட்வொர்க்: என் தேர்வு இது. என்எஃப்எஸ் தவிர வழியில்லை என்பவர்கள் 'சாஃப்ட்' மவுன்ட் வைக்கலாம். சில வரிகள் தொலையும், அமர்வு தப்பும். பெட்டியை ரேக்கில் ஏற்றும் அன்றே என்எஃப்எஸ் சர்வரின் கேபிளை உருவிவிட்டு ஒரு கன்சோலைத் திறந்து பார்ப்பதும் அவர்கள் வேலை.