ஃபெட்ச்மெயில்: முகவரியில் கைவைக்கும் தபால்காரர்

கார்ல் ஹாரிஸின் பாப்கிளையன்ட் நிரலை எடுத்து வளர்த்து, எரிக் ரேமண்ட் 1996இல் உருவாக்கியது ஃபெட்ச்மெயில். பாப்3 அல்லது ஐமேப் வழியே தொலைவிலுள்ள சர்வரிலிருந்து மெயிலை எடுத்துவந்து நம் கணினியின் மெயில் சர்வரிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. அதை நம்பகமாகச் செய்கிறது. ஆனால் ‘ரீரைட்’ என்ற வசதியால், கேட்காமலே இன்னொரு வேலையும் செய்கிறது. அனுப்புநர், பெறுநர் போன்ற தலைப்பு வரிகளில் @ குறியில்லாமல் ‘குமார்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பெயரோடு மெயில் எடுத்த சர்வரின் பெயரை ஒட்டிவிடும். முழு முகவரிகளைத் தொடாது.

இதற்கு அன்று நியாயம் இருந்தது. ஒரே சர்வரைப் பயன்படுத்துவோர் வெறும் பெயரால் எழுதிக்கொண்ட காலத்தில், அந்த மெயில் வேறு கணினிக்கு வந்ததும் ‘குமார்’ அங்குள்ள குமாராகிவிடுவார். பதில் தவறான ஆளுக்குப் போகும். இன்றோ மெயில் எடுக்கும் சர்வரின் பெயர் ஒன்று, முகவரியில் வரும் டொமைன் வேறொன்று. ஆகவே ஒட்டப்படும் முகவரி பல சமயம் மெயிலே போய்ச் சேராத முகவரி. மெயில் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் அனுப்புநர் வரியைக் கட்டாயம் உள்ளடக்கும்; அந்த வரி திருத்தப்பட்டபின் நம் கணினியில் சரிபார்த்தால் கையொப்பம் பொருந்தாது. பெயர் அரைகுறையாக வந்ததே ஒரு தடயம். ஊகத்தால் அதை நிரப்புவது தடயத்தை அழிப்பதாகும்.

முழு முகவரிகளைத் தொடாதபோது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். தொடாத இடத்தில் அதனால் பயனும் இல்லை. தொடும் இடத்தில்தான் பிழை. ரீரைட்டை அணைக்காதீர்கள் என்று ஃபெட்ச்மெயிலின் கையேடே சொல்கிறதே என்பது வலுவான மறுப்பு. அந்த எச்சரிக்கையை ஒதுக்க முடியாது. ஃபெட்ச்மெயில் விட்டுவைத்த வெறும் பெயரை, அதே கணினியிலிருந்து வந்த மெயில் என்று கருதும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் தன் இயல்பு அமைப்பில் நம் டொமைனைச் சேர்த்து நிரப்பிவிடும். வெளியாள் நம் வீட்டுக்காரர் ஆகிவிடுவார். இது முந்தையதைவிட மோசம்.

ஆகவே அமைப்புக் கோப்பில் ‘நோ ரீரைட்’ என்று எழுதி அதை அணைப்பது பாதி வேலைதான். ‘எம்டிஏ’ அமைப்பால் மெயிலை மெயில்டிராப் போன்ற நிரலிடம் நேரே கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸைத் தவிர்க்க வேண்டும். முடியாதவர்கள் ஃபெட்ச்மெயிலின் இயல்பு அமைப்பை மாற்றாமல் விடுவதே நல்லது. மெயில் எடுக்கும் கருவியாக ஃபெட்ச்மெயிலைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். முகவரி திருத்துபவராக அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.