தந்தையின் கொள்கையும் புதல்வியரின் சித்திரமும்

மாட்டின் லிஸ்ரரின் சிப்பி நூல் (1685–1692) ஆயிரத்துக்கு மேற்பட்ட செப்புத்தகட்டுச் சித்திரங்களைக் கொண்டது. அவற்றிற் பெரும்பாலானவற்றை வரைந்து செதுக்கியோர் அவருடைய புதல்வியர் சூசன்னா, அன்னா. வாழும் இனங்களோடு உயிர்ச்சுவடுகளும் அங்கு இடம்பெறுகின்றன. இங்கிலாந்தின் கற்குழிகளிற் கிடைத்த இவற்றை ஒத்த இனம் கடலில் இல்லை. ஆதலின் இவை சிப்பியுருக் கொண்ட வெறுங்கற்களே என்றார் லிஸ்ரர். எள்ளத்தக்க வாதமன்று இது. இனமொன்று முற்றாக அழியுமென ஏற்கப் பலர் அன்று ஆயத்தமாயில்லை. றொபேட் ஹூக் ஏற்றார்.

ஆயின் அவ்வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டியது யாருடைய கை? வரிகளையும் சுருள்களையும், பழகிய சிப்பிகளின் சாயலுக்குத் திருத்தாது பொறித்தனர் சகோதரியர். இதனை வெறுங் கைவினையென ஒதுக்குவது, எதைக் காண்பதென முடிவுசெய்யும் அறிவுழைப்பை மறைப்பதாகும். லிஸ்ரரின் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. லின்னேயசு தம் வகைப்பாட்டிற் சான்றாகக் காட்டிய படங்களுள் இந்நூலினவும் அடங்கும்.