வேதாளருக்கு எதற்கு வீடு?

காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கதையைக் கழித்துக்கட்ட ஒரு வரி போதும்: "இந்த இதழ்ல ஒண்ணுமே நடக்கலையே." பெரும்பாலும் எந்த மாதிரி இதழைப் பற்றி இதைச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நாயகன் அன்றைக்கு யாரையும் அடித்திருக்க மாட்டான். மனைவியோடு சாப்பிட்டிருப்பான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பான், வீட்டில் நாலு பேச்சு வாங்கியிருப்பான். வில்லன் வராத இதழ் என்றால் கதை நகராத இதழ் என்று ஒரு கணக்கு. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கு. "மனசுக்கு இதமா இருந்துச்சு" என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டு அடுத்த இதழுக்குப் போய்விடும்.

இரண்டுமே அந்த இதழைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம். இதைப் பேச நமக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்கு ரொம்பப் பழக்கமான ஒரு ஆள் இருக்கிறார், வேதாளர். முத்து காமிக்ஸ் வழியாக வந்தவர்களுக்கு அவர் வேதாளர், ராணி காமிக்ஸ் வழியாக வந்தவர்களுக்கு அவர்தான் மாயாவி. முத்துவில் 'மாயாவி' என்றால் இரும்புக்கை லூயிஸ் கிராண்டேல். இந்தப் பெயர்க் குழப்பத்தில் பள்ளிக்கூடத்துச் சண்டைகளே நடந்திருக்கு. இந்தக் கட்டுரையில் வேதாளர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் அமெரிக்க நாளிதழ்களில் வேதாளரைத் தொடங்கினார். டயானா பால்மர் முதல் கதையிலேயே வந்துவிடுகிறாள். ஆனால் கல்யாணம் நடந்தது 1977 டிசம்பரில். நாற்பத்தோரு வருஷம்! இடையில் வேதாளர் கேட்க வாயெடுப்பார், ஏதாவது தடங்கல் வரும், கேள்வி தொண்டையிலேயே நிற்கும். இதையே ஒரு நகைச்சுவையாக ஃபாக் இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் நடந்த கல்யாணத்துக்கு மந்திரவாதி மாண்ட்ரேக்கும் லொதாரும் விருந்தாளிகள். மாண்ட்ரேக்கும் ஃபாக்கின் படைப்புதான். 1979-ல் கிட், ஹெலாய்ஸ் என்று இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள்.

நாயகனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் அவன் கதை முடிந்தது என்பது காமிக்ஸ் உலகத்தில் ஒரு பழைய பயம். வேதாளர் விஷயத்தில் இந்தப் பயம் தலைகீழ் என்று தோன்றுகிறது. அவர் யார் என்று யோசியுங்கள். முதல் வேதாளர் 1536-ல் கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரையேறியவர். தன் அப்பாவைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்தவர். அந்தச் சத்தியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற இருபத்தோராவது ஆள்தான் நாம் படிக்கிற வேதாளர். சாவே இல்லாத மனுஷன் என்று காட்டு மக்களும் எதிரிகளும் நம்புவது, ஒவ்வொரு அப்பாவுக்குப் பிறகும் ஒரு மகன் அந்த முகமூடியை மாட்டிக்கொள்வதால்தான். அவருக்குப் பறக்கத் தெரியாது, உடம்பு இரும்பு கிடையாது. குடும்பம்தான் அவருடைய ஒரே அதிசய சக்தி. ஆக, வேதாளர் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் இதழிலும் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் இதழிலும் 'ஒண்ணும் நடக்கலை' என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டாவது ஆள் உண்டா இல்லையா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. கடற்கொள்ளையரோடு சண்டை போடும் இதழில் அது தீர்மானமாகாது.

அப்படியிருந்தும் நம் ஆட்களில் பலருக்கு டயானா வருகிற பக்கங்கள் ஏன் வேகத்தடை மாதிரி தெரிகின்றன? நாம் காமிக்ஸ் படிக்கக் கற்றுக்கொண்ட விதத்தில் இதற்குக் காரணம் இருக்கு.

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல் லயன் காமிக்ஸ் மாடஸ்டியோடு வந்தது, சீக்கிரமே ஸ்பைடரும் ஆர்ச்சியும் சேர்ந்தார்கள். மாயாவிக்கு வீடு கிடையாது. ஸ்பைடருக்குக் கூட்டாளிகள் உண்டு, உறவு கிடையாது. ஆர்ச்சி ஒரு எந்திரன், அதை விடுங்கள். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைச் சரக்கு. அந்தப் பத்திரிகைகளில் ஒரு தொடருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான் இடம். அதற்குள் போன வார ஆபத்திலிருந்து தப்பி, இந்த வார ஆபத்தில் மாட்ட வேண்டும். சாப்பிட நேரம் இல்லாதவனுக்குக் குடும்பம் எங்கே வரும்? ஸ்பைடர் கதைகளைப் பெரும்பாலும் எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். லோயிஸ் லேனைப் படைத்த கை அது. அந்தக் கைக்கே ஸ்பைடரின் வீட்டைக் காட்ட இடம் கிடைக்கவில்லை.

வேதாளர் நாளிதழ்ச் சரக்கு. காலையில் காப்பியோடு வீட்டில் எல்லோரும் படிப்பது. தினமும் மூன்று நாலு கட்டம், ஞாயிற்றுக்கிழமை தனிக்கதை. மாசக்கணக்கில் போகும். அந்த நடையில் ஒரு வாரம் தேனிலவுக்குக் கொடுக்கலாம், நாலு நாள் குழந்தைக்குப் பெயர் வைக்கக் கொடுக்கலாம். நம் ரசனை இந்த இரண்டு நடையில் முதலாவதில் பழகிவிட்டது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இரண்டாவதை அளக்கிறோம்.

எங்கள் வீட்டில் இதை நேரடியாகப் பார்த்திருக்கேன். தென்காசியில் வாடகைக்கு எடுத்து வரும் ராணி காமிக்ஸை ஆச்சிக்கு நான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். சண்டை வருகிற பக்கங்களில் ஆச்சி வெத்தலையில் கவனமாகிவிடுவாள். டயானா ஐ.நா. சபை வேலைக்குக் கிளம்புகிற கட்டம் வந்தால் உடனே கேள்வி வரும்: "அவ வேலைக்குப் போயிட்டா பிள்ளைகள யாருல பாக்கா?" இதைவிடக் கூர்மையான விமர்சனக் கேள்வி அந்தக் கதைக்கு இல்லை. கானகத்துக்கே காவல் நிற்கிறவன் வீட்டில், சாயங்காலம் பிள்ளைகளோடு யார் இருப்பது? மாயாவியையோ ஸ்பைடரையோ பற்றி ஆச்சி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. "இவனுக்கு தாய் தகப்பன் கிடையாதா" என்பதோடு முடிந்துபோகும்.

'குடும்பக் கதை வேண்டாம்' என்று சொல்கிற வாசகர்கள் உண்மையிலேயே அதை வெறுக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. இன்றைக்குத் தமிழில் அதிகம் கொண்டாடப்படுகிற டெக்ஸ் வில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஹீரோ இல்லை, ரேஞ்சர்தான். ஆனால் வாசகர் மனசில் அவருக்கு அந்த இடம். அவர் மனைவியை இழந்தவர், நவஹோ இனத்து லிலித். மகன் கிட் கூடவே சுற்றுகிறான். கிழட்டு நண்பர் கார்சன் வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் எங்கே கிடைக்கும் என்று புலம்பிக்கொண்டே வருவார், டெக்ஸ் அவரை வாரிக்கொண்டே இருப்பார். டெக்ஸ் ரசிகர் ஒருவரிடம் பிடித்த கட்டம் எது என்று கேட்டுப் பாருங்கள். துப்பாக்கிச் சண்டைக்குச் சமமாக இந்தக் குதிரைப் பயண அரட்டையைச் சொல்வார். அது வேறென்ன? சித்தப்பாவும் அண்ணனும் மகனும் சேர்ந்து போகிற குடும்பப் பயணம்தானே! பெண்கள் இல்லாத குடும்பம் என்பதால் நாம் அதை 'நட்பு' என்று கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். டயானா வந்து அதே அரட்டையைச் செய்தால் 'கதை நகரலை'. இந்த இடத்தில் நம் ரசனை கொஞ்சம் ஒருதலையாகத்தான் இருக்கு.

வெளியே இதற்கு நல்ல உதாரணம் சூப்பர்மேன். 2016-ல் பீட்டர் டொமாசியும் பேட்ரிக் க்ளீசனும் எழுதிய தொடரில் கிளார்க், லோயிஸ், பத்து வயசு மகன் ஜான் மூவரும் ஒரு கிராமப்புறப் பண்ணை வீட்டில் இருக்கிறார்கள். ஏழாவது இதழில் ஊர்ச் சந்தைத் திருவிழா. இன்றைக்கு ஒரு நாள் சூப்பர்மேன் வேலை கிடையாது என்று கிளார்க் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கு நிற்குமா என்பதுதான் முழுக் கதையும். உலகம் அழியப்போவதில்லை, ஒரு சாயங்காலம் கெட்டுப்போகலாம், அவ்வளவுதான் ஆபத்து. பலமாசம் கழித்தும் வாசகர்கள் பிரியத்தோடு பேசிய இதழ்களில் அது ஒன்று.

பிறகு 2018-ல் தொடர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் கைக்குப் போனது. ஜான் தாத்தாவோடு விண்வெளிக்குப் போய் பதினேழு வயசுப் பையனாகத் திரும்பினான். பூமியில் கழிந்தது சில வாரங்களே. வாசகர்கள் கொந்தளித்தார்கள். எந்த நகரமும் அழியவில்லை, யாரும் சாகவில்லை. ஒரு பையனின் ஏழு வருஷக் குழந்தைப்பருவம் காணாமல் போனது. 'ஒண்ணுமே நடக்காத' இதழ்களில் எவ்வளவு சேர்த்து வைத்திருந்தோம் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2007-ல் ஸ்பைடர்மேனின் இருபது வருஷத் திருமணத்தை ஒரு பேய் ஒப்பந்தம் போட்டு அழித்தபோதும் இதே கதைதான். அந்த வடு இன்னும் ஆறவில்லை.

அதற்காகக் குடும்ப இதழ் எல்லாம் நல்ல இதழ் என்று சொல்ல மாட்டேன். நாயகன் ஏப்ரன் கட்டிக்கொண்டு தோசை கருக்குவதும் நாய்க்குட்டி கேக்கைத் தட்டிவிடுவதும் வெறும் அழகுக் காட்சிகள். 'இதமா இருந்துச்சு' கூட்டம் அதற்கும் கை தட்டும். நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: அந்த இதழில் நாயகனின் பலம் உதவாமல் போகிறதா? மனைவியின் கேள்விக்கு முன்னால், மகளின் அழுகைக்கு முன்னால், முஷ்டியும் முகமூடியும் வீணாகிப் போய் அவன் வெறும் ஆளாக நின்றால் அது நல்ல இதழ்.

இதை எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் சுமார் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே செய்து காட்டியிருக்கார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்கர் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. நூல் குற்றாலநாதரின் உலாவோடு பெரிய எடுப்பில் தொடங்குகிறது. வசந்தவல்லியின் காதல், குறத்தியின் மலைவளம், குறி என்று போகிறது. முடிவில் எங்கே வந்து நிற்கிறது? வேட்டைக்காரன் சிங்கன் காணாமல் போன சிங்கியைத் தேடிக் கண்டுபிடித்து, அவள் உடம்பில் புதிதாக ஏறியிருக்கும் நகைகளைப் பார்த்துத் திகைத்து, இது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற இடத்தில். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற சாமர்த்தியம் எல்லாம் அங்கே செல்லாது. அவள் ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லிச் சம்பாதித்து வந்திருக்கிறாள். இவன் சந்தேகத்தோடும் ஆசையோடும் முழித்துக்கொண்டு நிற்கிறான். சாமியின் உலாவில் தொடங்கிய நூல் புருஷன் பெண்டாட்டி வாய்ச்சண்டையில் இறங்கியதற்காக யாரும் அதைக் குறைத்துப் பேசவில்லை. எங்கள் பக்கம் பள்ளிக்கூட மேடைகளில் திரும்பத் திரும்ப ஆடப்படுவது சிங்கன் சிங்கி பகுதிதான்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் வாதாடணும்? ஒரு கவலை இருக்கு. ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் வாசகர்கள் கூடும்போது நின்று பார்த்திருக்கேன். அன்பான கூட்டம். ஆனால் பெரும்பாலும் நாற்பது தாண்டிய ஆண்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவு. பிள்ளைகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். காமிக்ஸ் இன்றைக்குச் சந்தா கட்டி வாங்கும் பொருளாகிவிட்டது. சந்தா கட்டுகிறவருக்குப் பிடித்ததுதான் அச்சாகும், அதில் தப்பு சொல்ல முடியாது. அவர் "ஒண்ணுமே நடக்கலை" என்று எழுதினால் அந்த மாதிரி கதைக்கு அடுத்த வருஷம் ஒரு இடம் குறையும். அப்படிக் குறைகிற ஒவ்வொரு இடமும் வீட்டில் இருக்கிற இன்னொருத்தர் உள்ளே வரக்கூடிய வாசல். ஆச்சி மாயாவி வழியாகவோ ஸ்பைடர் வழியாகவோ வரவில்லை, டயானா வழியாகத்தான் வந்தாள்.

அடுத்த தடவை இப்படி ஒரு இதழ் வந்தால், பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் வீட்டில் காமிக்ஸ் படிக்காத ஒருத்தரிடம் அதைக் கொடுத்து, அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று மட்டும் பாருங்கள்.