சராசரி மறைத்தவை

டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தப் பொட்டாசியம் எவ்வளவு இருக்கலாம் என்ற விவாதம், கோவெஸ்டி குழுவினரின் 2007 ஆய்வைத் தொடாமல் முடிவதில்லை. அமெரிக்காவில் 81,013 பேரை மூன்றாண்டு தொடர்ந்த ஆய்வு அது. டயாலிசிஸுக்கு முந்தைய பொட்டாசியம் சராசரியாக லிட்டருக்கு 4.6 முதல் 5.3 மில்லி ஈக்விவலன்ட் வரை இருந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். 4-க்குக் கீழும் 5.6-க்கு மேலும் இறப்பு கூடியது.

ஆய்வின் பலம் எண்ணிக்கையில் இல்லை, சந்தேகத்தில் இருக்கிறது. பொட்டாசியம் குறைந்தவர் பெரும்பாலும் சரியாகச் சாப்பிடாதவர். அவரைக் கொன்றது பொட்டாசியமா, ஊட்டக்குறைவா? ஆய்வாளர்கள் ஊட்டநிலை, அழற்சி அளவீடுகளைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். 5.6-க்கு மேற்பட்ட அபாயம் அதன் பிறகும் அசையவில்லை. தாழ்ந்த முனையைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது.

டயாலிசிஸ் திரவத்தின் பொட்டாசியத்துக்கு வரும்போதுதான் முறையியல் தடுமாறுகிறது. ரத்தத்தில் 5-ஐ எட்டியவர்களுக்குத் திரவத்திலும் பொட்டாசியம் கூடுதலாக இருந்தால் இறப்பு அதிகம் என்றது ஆய்வு. ஆனால் எந்தத் திரவம் யாருக்கு என்பதை முடிவு செய்தவர் மருத்துவர். சீட்டுக் குலுக்கிப் போட்டதல்ல. 2011-இல் பன் குழுவினர் 2-க்கும் குறைந்த பொட்டாசியம் உள்ள திரவத்தைத் திடீர் இதய நிறுத்தத்தோடு தொடர்புபடுத்தினார்கள். 2017-இல் 20 நாடுகளின் 55,183 பேரை ஆராய்ந்தவர்கள், 2-க்கும் 3-க்கும் சொல்லத்தக்க வேறுபாடு காணவில்லை. மூன்றும் அவதானிப்பு ஆய்வுகள். ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிட முடியாது.

இதைவிடப் பெரிய குறை, சராசரி என்ற அளவுகோல். ஊசி குத்தியதும், இயந்திரத்தில் இணைக்கும் முன் ரத்தம் எடுக்கிறார்கள். அதில் 6 என்று வந்தவரை 2 உள்ள திரவத்தோடு இணைத்தால், முதல் ஒரு மணி நேரத்திலேயே பொட்டாசியம் வேகமாக இறங்கும்; டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் செல்களுக்குள்ளிருந்து மீண்டும் ஏறும். இதயம் தாங்க வேண்டியது இந்த ஏற்ற இறக்கத்தை. மாதக்கணக்கான சராசரியில் அது தென்படாது. ஃபோலி குழுவினர் 2011-இல் நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள்: வாரத்தில் டயாலிசிஸ் இல்லாத நீண்ட இடைவெளிக்கு மறுநாள், நூறு நோயாளி-ஆண்டுக்கு இறப்பு 22.1; மற்ற நாட்களில் 18.0. பொட்டாசியத்தோடு தேங்கிய நீரும் இதில் குற்றவாளிதான். இருந்தாலும் நாட்காட்டியை மறந்த அளவுகோல் அரைகுறையானது என்பதை அந்த வேறுபாடு காட்டிவிடுகிறது.

கோவெஸ்டி ஆய்வின் எல்லைகள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் கண்டவை. இந்தியாவில் பலருக்கு வாரம் இருமுறைதான். அவர்களுக்கு எல்லா இடைவெளியும் நீண்ட இடைவெளியே. 4.6–5.3 என்ற எல்லையை இளநீர், வாழைப்பழம் தவிர்க்கச் சொல்லும் உணவுச் சீட்டில் அப்படியே இலக்காக எழுதுவதை இந்த ஆய்வு நியாயப்படுத்தாது.

ஆக, யார் அபாயத்தில் இருக்கிறார் என்று அடையாளம் காண நம்பத்தக்க ஆய்வு இது. அந்த எல்லைக்குள் கொண்டுவந்தால் நோயாளி பிழைப்பார் என்பதை இது நிறுவவில்லை.