சாட்சியா, வழக்காடலா?
குழந்தைகளுக்குச் சொல்லப்படும் நாடு பிடித்த வரலாறு

வரலாற்றைச் சமயப் பார்வையில் கற்பிக்கலாகாது என்போர் நம் படித்த வட்டத்தாரிடையேயும் பெருகி வருகின்றனர். அக்கருத்தோடு நாம் உடன்படவில்லை. இறைவனை நம்பும் ஒருவர், தம் மக்களுக்கு மனித வரலாற்றை எடுத்துரைக்கும்போது மட்டும் அவனை மறந்துவிட வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. ஆது, ஸமூது கூட்டத்தாரின் வரலாறுகளைத் திருக்குர்ஆன் படிப்பினைக்காகவே எடுத்துக் கூறுகிறது. எனவே சமயப் பார்வை கூடுமா, கூடாதா என்பதன்று கேள்வி. அப்பார்வை தன் சமூகத்தைப் பற்றி உண்மை உரைக்கும் சாட்சியாக நிற்கிறதா, தன் சமூகத்திற்காக வழக்காட நிற்கிறதா என்பதே கேள்வி.

இக்கேள்வியை எழுப்பத் தக்க ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. பீட்டர் மார்ஷல் என்ற கிறித்தவப் போதகரும் டேவிட் மானுவல் என்பாரும் இணைந்து, 'ஒளியும் மகிமையும்' எனப் பொருள்படும் நூலை 1977இல் வெளியிட்டனர். அதன் தொடர்ச்சியாக, 1787 முதல் 1837 வரையிலான அரை நூற்றாண்டைக் கூறும் நூல் 1986இல் வந்தது. அமெரிக்க நாட்டின் தோற்றமும் வளர்ச்சியும் இறைவன் வகுத்த திட்டத்தின் நிறைவேற்றம் என்பது இந்நூல்களின் மையக் கருத்து. சிறுவர்களுக்கெனச் சுருக்கப்பட்ட பதிப்புகளும் வெளிவந்து, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லும் கிறித்தவப் பெற்றோரிடையே பரவின.

இந்நூலாசிரியர்களின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. வாழ்வில் தற்செயல் என ஒன்றில்லை; நாடுகளும் இறைவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டியவையே என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விழைந்தனர். அடிமை முறையைப் பாவமாகவே அவர்கள் கண்டனர். குறை நூலின் கட்டமைப்பில் உள்ளது. ஒரு கூட்டத்தாரின் நடையை இறைவனின் திட்டமாக முன்வைத்த பிறகு, அந்த வழியில் ஏற்கெனவே வாழ்ந்திருந்த மக்கள் காடு, மலை, வெள்ளம் போன்ற இடையூறுகளுள் ஒன்றாகிவிடுகின்றனர். அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை சொல்லப்பட்டாலும், அது கதையின் ஓரத்தில் வரும் வருத்தமாகச் சுருங்குகிறது.

சிறுவர் இலக்கியத்தில் இப்பழக்கம் எவ்வளவு இயல்பாகப் படிந்திருந்தது என்பதற்கு லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் வெளியிட்ட 'புல்வெளியில் சிறு வீடு' சான்று. அந்நிலத்தில் மக்களே இல்லை, செவ்விந்தியர் மட்டுமே இருந்தனர் என்ற கருத்துப்பட அதில் ஒரு வரி இருந்தது. செவ்விந்தியர் மக்கள் அல்லரோ என ஒரு வாசகர் சுட்டிக்காட்டவே, 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மக்கள்' என்ற சொல் 'குடியேறியவர்' என மாற்றப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் எத்தனையோ ஆசிரியர்களும் பெற்றோரும் படித்துக் காட்டிய வரி அது. நெஞ்சில் கொடுமை உள்ளவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் கண் பழகிவிட்டது. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம், அவர் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரையே மாற்றியது.

இந்நூல்களின் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு, அவை கிறித்தவப் பார்வை கொண்டவை என்பதன்று. போதிய அளவு கிறித்தவப் பார்வை கொள்ளவில்லை என்பதே. 1782இல் ஒகையோ பகுதியிலுள்ள நாடன்ஹட்டனில் குடியேற்றப் படையினர் கொன்ற 96 பேர், மொரேவியச் சபையைத் தழுவிய டெலவேர் இனக் கிறித்தவர்கள். 1830இல் செவ்விந்தியர் வெளியேற்றச் சட்டம் வருவதற்கு முந்திய ஆண்டிலேயே, ஜெரமையா எவர்ட்ஸ் என்ற சமயப் பணியாளர் அதை எதிர்த்துக் கட்டுரைத் தொடர் எழுதினார். செரோக்கி மக்களிடையே பணியாற்றிய சாமுவேல் வுஸ்டர் என்ற போதகர், ஜார்ஜியா மாநிலத்தின் ஆணைக்கு அடிபணிய மறுத்துச் சிறை புகுந்தார். 1832இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் வெளியேற்றம் நிற்கவில்லை. தமக்கென எழுத்துமுறையும் 1828 முதல் செய்தித்தாளும் கண்டிருந்த செரோக்கியர், 1838–39இல் மேற்கு நோக்கித் துரத்தப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் சுமார் நான்காயிரம் பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. சிறைக்குச் சென்ற போதகரையும் கொல்லப்பட்ட கிறித்தவர்களையும் நடுவில் நிறுத்தி இவ்வரலாற்றைச் சொல்லியிருந்தால், அதுவும் கிறித்தவப் பார்வையாகவே இருந்திருக்கும்; அதுவே மேலான பார்வையாகவும் இருந்திருக்கும்.

அமெரிக்கப் பாடநூலைப் பற்றி நமக்கென்ன எனக் கேட்போர் உண்டு. அந்நூல்களின் வேர் நம் கரையையும் தொட்டிருக்கிறது. 1452இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ், முஸ்லிம்கள் மீதும் பிற சமயத்தார் மீதும் போர் தொடுத்து அவர்களை அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிக் கொடுத்தார். 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் புதிய நிலங்களை ஸ்பெயினுக்கு அளித்தார். ஒரு நிலத்தைக் 'கண்டறிந்த' கிறித்தவ அரசுக்கே அதன் உடைமை என்ற இக்கோட்பாட்டை 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பொன்றில் அடிப்படையாகக் கொண்டது. அது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையன்று என வத்திக்கான் அறிவித்தது 2023 மார்ச்சில்தான். அக்கோட்பாட்டைச் சுமந்து மேற்கே சென்ற கப்பல்கள் அமெரிக்காவை அடைந்தன. கிழக்கே வந்தவை நம் பழவேற்காட்டையும் அடைந்தன.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள பழவேற்காடு, விசயநகரக் காலத்தில் மலாக்கா வரை துணி அனுப்பிய துறைமுகம். அரபகத்திலிருந்து கலமேறி வந்த முன்னோரைப் பற்றிய செவிவழிச் செய்தி அவ்வூர் முஸ்லிம்களிடம் உண்டு. அரபுத் தமிழ் மரபைப் பேணிய ஊர்களுள் அதுவும் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும் அவர்களை அடுத்து டச்சுக்காரரும் அங்கு வந்தனர். டச்சுக்காரர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் அதுவே. இன்று பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோர் காட்டுவது, வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டத்தையே. கல்லில் பெயர் பொறித்தவன் வரலாற்றில் இடம் பெறுகிறான். பஞ்சக் காலங்களில் வயிற்றுக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்று, அக்கரையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேறிய தமிழ் ஏழைகளுக்குக் கல் இல்லை.

அதே கோட்டையில் 1630களில் ஆபிரகாம் ரொஜேரியசு என்ற டச்சுப் போதகர் வாழ்ந்தார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து, இந்நாட்டுச் சமய வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல் 1651இல் வெளியாயிற்று. அடிமைக் கப்பலை மட்டும் சொல்லிப் போதகரை மறைத்தால் அது வழக்காடல். போதகரைச் சொல்லிக் கப்பலை மறைத்தாலும் அது வழக்காடலே.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் மக்தபுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் வெற்றி வரலாறுகள் எத்தகையவை? வெற்றியைக் குறிக்க அரபியில் வழங்கும் 'ஃபத்ஹ்' என்ற சொல்லுக்குத் 'திறத்தல்' என்பது வேர்ப்பொருள். திறந்த கதவின் உள்ளே இருந்தவர் யார் என்ற வினா நம் பாடங்களில் எழுவது அரிது. சமர்கந்து நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இமாம் பலாதுரி (ரஹ்) தம் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில் அதைப் பதிந்துள்ளார். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் அந்நகர மக்கள் முறையிட்டனர். அவர் நியமித்த காழீ, முஸ்லிம் படை நகரை விட்டு வெளியேற வேண்டும் எனத் தீர்ப்பளித்தார். நம் மேடைகளில் இத்தீர்ப்பு பெருமையோடு பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதே. ஆனால் அம்மக்களின் முறையீடு என்ன? தளபதி குதைபா தங்களை வஞ்சித்து நகரைக் கைப்பற்றினார் என்பதே. அநீதியைச் சொல்லாமல் நீதியை மட்டும் சொன்னால், அத்தீர்ப்பு எதற்காக வழங்கப்பட்டது என்பதே பிள்ளைக்கு விளங்காது. பலாதுரி இரண்டையும் எழுதினார். அவர் எழுதியதை நாம் சுருக்க வேண்டியதில்லை.

இதற்கான இலக்கணத்தை மறை தந்திருக்கிறது. தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. அதே அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலானவை, திருடிய ஒருவனைக் காக்க அவன் குலத்தார் திரண்டபோது, பழி சுமத்தப்பட்ட யூதரின் குற்றமின்மையை நிலைநாட்ட இறங்கியவை என்று விரிவுரையாளர்கள் கூறுவர். தன் கூட்டத்தாருக்காக வழக்காட வேண்டாம் என்ற இக்கட்டளை மதீனாவில், சமூகம் சிறிதாகவும் பகை சூழ்ந்தும் இருந்தபோது வந்தது. சிறுபான்மையாக வாழும் நாம் நம் பிள்ளைகளிடம் நம் குறையைப் பேசலாமா எனத் தயங்குவோருக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

இத்தயக்கத்தைக் களைவது அவசரமான பணியும் ஆகும். 'ஆளில்லா நிலம்' என்ற சொல் அமெரிக்கப் புல்வெளியோடு முடிந்துவிடவில்லை. பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டா 1969இல் ஏவுதளத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அத்தீவில் யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்தனர். நம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'புறம்போக்கு', 'தரிசு' என எழுதப்படும் இடங்களில் ஆடு மேய்ப்போரும் இருளரும் இருக்கக்கூடும். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அப்பகுதி மக்தபுகளுக்கும் வரக்கூடியவர்களே. ஆலை வருமுன் இம்மண்ணில் யார் இருந்தனர் எனக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வர வேண்டுமாயின், வரலாற்றுப் பாடத்தில்தான் அது தொடங்க வேண்டும்.

ஆகவே, விரிவாக்கத்தைச் சொல்லும் எந்தப் பாடமும் மூன்றைத் தவறாது கூற வேண்டும் என்பது நம் கருத்து: அங்கே முன்பிருந்தோர் யார், அவர்களுக்கு நேர்ந்தது என்ன, நம்மவருள் அதைத் தவறென்று சொன்னவர் யார். மூன்றாவது வினாவுக்கு விடையாக ஒரு வுஸ்டரையோ சமர்கந்தின் காழீயையோ பெறும் பிள்ளை, தன் சமயத்தைக் குறித்து வெட்கப்படாது; அதன் பெயரால் செய்யப்படுவதையெல்லாம் சரியென்றும் கொள்ளாது.